அந்த நோய் எங்கே இல்லை?

நோயாளி ஒருவர் வைத்தியரிடம் சென்றால், வைத்தியர் அவருடைய நாடியைப் பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், உண்டது யாது, உறங்கியது எவ்வாறு என்று வினவுகிறார். இவையெல்லாம் ஒரு மனிதனைப் பற்றிய வினாக்கள். வைத்திய சாத்திரத்தில் வேறொரு வகை வினாவும் உண்டு. இந்த நோய் எந்த ஊரில் மிகுந்துள்ளது? எந்த ஊரில் அறவே இல்லை? குழந்தைகளைப் பிடிக்கின்றதா, முதியோரைப் பிடிக்கின்றதா? ஒரு நாட்டை விட்டு மறு நாட்டிற் குடியேறியவர்கள் தம் பழைய நோயையும் மூட்டை கட்டிக்கொண்டு போகின்றார்களா, அன்றிப் புதிய நாட்டின் நோய்க்கு ஆளாகின்றார்களா? இவ்வாறு ஆளை விட்டு ஊரை ஆராயும் துறைக்கு நோய்ப்பரம்பலியல் என்று பெயர்.

இத்துறையின் ஆயுதங்கள் பெரும்பாலும் எளியவை. பதிவேடு, தேசப்படம், தபால் முத்திரை, அலைந்து களைக்காத கால்கள்: இவை இருந்தாற் போதும். ஆபிரிக்காவில் ஒற்றைக் கண்ணுடைய ஒரு சத்திரவைத்தியர் இவற்றை மட்டும் துணையாகக் கொண்டு செய்த காரியம், புற்றுநோய் பற்றிய எண்ணத்தையே மாற்றியமைத்தது. அவ்வரலாறு வைத்திய நூல்களோடு நின்றுவிடத் தக்கதன்று. நம் இல்லங்களிலும் பேசத் தக்கது.

நான்கு வீக்கங்கள்

1957ஆம் ஆண்டில் ஒரு நாள். இன்று உகண்டாவின் தலைநகராக விளங்கும் கம்பாலாவில், முலாகோ ஆஸ்பத்திரியிற் குழந்தைகளைக் கவனித்துவந்த டாக்டர் ஹியூ துரோவெல், சத்திரசிகிச்சை நிபுணரான டாக்டர் டெனிஸ் பேர்க்கிற்றை அழைத்து ஒரு சிறுவனைக் காட்டினார். சிறுவனுக்கு வயது ஐந்து. மேல்தாடையில் இரு பக்கமும், கீழ்த்தாடையில் இரு பக்கமும், ஆக நான்கு இடங்கள் வீங்கியிருந்தன. பற்கள் ஆடின. முகம் உருமாறிப் போயிருந்தது. சீழ்க்கட்டு எனில் ஒரு பக்கத்தில் அல்லவா தொடங்க வேண்டும்? புற்று எனில் ஓரிடத்தில் முளைத்தல்லவா பரவ வேண்டும்? பேர்க்கிற்றுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

சில வாரங்களின் பின், விக்டோரியா வாவியிலிருந்து நைல் நதி புறப்படும் இடத்திலுள்ள ஜிஞ்ஜா நகரத்து ஆஸ்பத்திரிக்கு அவர் சென்றிருந்தார். யன்னலூடாக வெளியே பார்த்தபொழுது, புற்றரையில் தாயோடிருந்த ஒரு குழந்தையின் முகத்தில் அதே வீக்கம் தென்பட்டது. விரைந்து சென்று பரிசோதித்தார். தாடையில் மட்டுமன்றி வயிற்றினுள்ளும் கட்டிகள் இருந்தன. கம்பாலாவுக்குத் திரும்பியதும் பழைய பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினார். தாடைக் கட்டி ஒரு பெயரிலும், வயிற்றுக் கட்டி வேறொரு பெயரிலும், கண்ணை வெளியே தள்ளும் கட்டி மற்றொரு பெயரிலும் எழுதப்பட்டிருந்தன. குருடர் யானை பார்த்த கதைதான். ஒவ்வொருவரும் தாம் தொட்ட உறுப்புக்குப் பெயர் வைத்தனர். யானை ஒன்றே என்பதை எவரும் காணவில்லை.

உண்மையில் அது ஒரே நோய். நிணநீர்க் கலங்களில் உண்டாகும் ஒரு புற்று. மனிதருக்கு வரும் புற்றுகளுள் மிக வேகமாக வளர்வது இதுவே. ஓரிரு நாட்களில் இருமடங்காகிவிடும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையே பெரும்பாலும் பற்றியது. சில மாதங்களில் உயிரைக் கொண்டுசென்றது. தாய்மார் குழந்தையைத் தோளிற் சுமந்து பல மைல் நடந்து வருவர். வைத்தியர்களோ கையைப் பிசைந்து நிற்பர். 1958இற் பேர்க்கிற் 38 குழந்தைகளைப் பற்றி ஒரு சத்திரசிகிச்சைச் சஞ்சிகையில் எழுதினார். அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே.

பேர்க்கிற் அயர்லாந்தின் பெர்மானா மாவட்டத்தவர். பதினொரு வயதிற் கல்லெறி பட்டு ஒரு கண்ணை இழந்தவர். அவருடைய தந்தையார் மாவட்டத்தின் தெருக்களையும் பாலங்களையும் மேற்பார்வை செய்த நில அளவையாளர். ஓய்வு நேரங்களில் தம் தோட்டத்து ரொபின் குருவிகளின் காலில் வளையம் பூட்டி, எந்தக் குருவி எந்த எல்லைக்குள் வாழ்கின்றது என்று படம் வரைந்து, பறவை நூலோரிடையே பெயர் பெற்றவர். மகன் நோய்களுக்கு எல்லை வரைந்தான். இது தற்செயலாக இருக்கலாம். எனினும் பிள்ளைகள் வீட்டில் எதைக் கண்டு வளர்கின்றார்கள் என்பது சிறு விடயமன்று. உகண்டாவுக்கு வந்த புதிதில், வடபகுதியிலுள்ள லீரா என்னுமிடத்திற் பணியாற்றியபொழுதே, யானைக்கால் நோயோடு உறவுடைய ஓதநோய் அம்மாவட்டத்தின் கிழக்கில் மிகுந்தும் மேற்கில் மிகக் குறைந்தும் இருப்பதை அவர் கண்டு எழுதியிருந்தார். ஆகவே, “எங்கே?” என்னும் கேள்வி அவருக்குப் புதியதன்று.

குண்டூசிகள் காட்டிய பாதை

தென்னாபிரிக்காவிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் அக்குழந்தைகளின் நிலையைக் கேட்டறிந்து, “இத்தகைய நோய் எங்கள் நாட்டில் இல்லை” என்னும் பொருள்படக் கூறினார். வேறொருவராயின் அதனை விட்டுவிடுவர். பேர்க்கிற் விடவில்லை. உகண்டாவில் இவ்வளவு மலிந்த நோய் தென்னாபிரிக்காவில் இல்லையாயின், இரண்டுக்கும் இடையில் எங்கேயோ ஓர் எல்லை இருத்தல் வேண்டும். அந்த எல்லை எது?

அரசாங்கம் 25 பவுண் உதவிப்பணம் வழங்கிற்று. அவர் அப்பணத்தில் நோயுற்ற குழந்தைகளின் படங்களோடு துண்டுப்பிரசுரம் அச்சிட்டு, ஆபிரிக்கா எங்குமுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கும் தபாலில் அனுப்பினார். “இப்படியொரு குழந்தையைக் கண்டதுண்டா?” என்பதே கேள்வி. பதில்கள் வர வர, சுவரிலிருந்த தேசப்படத்திற் குண்டூசி குத்தினார். ஊசிகள் சேர்ந்து ஒரு பட்டையாயின. பூமத்திய ரேகைக்கு வடக்கும் தெற்குமாகப் பத்துப் பதினைந்து பாகை அகலத்தில் அப்பட்டை ஆபிரிக்காவின் குறுக்கே கிடந்தது. கிழக்குக் கரையோரமாக ஒரு வால் மட்டும் மொசாம்பிக் வரை தெற்கே நீண்டது. பட்டையின் உள்ளேயும் வெற்றிடங்கள் இருந்தன. ருவாண்டா, புருண்டி மலைநாடுகளிலும், கென்யாவின் உயர்நிலங்களிலும் ஊசி இல்லை.

எல்லையை நேரிற் காண்பதே தகும் என்று கருதிய பேர்க்கிற், 250 பவுணுக்கு ஒரு பழைய போர்ட் வண்டியை வாங்கினார். டாக்டர் ரெட் வில்லியம்ஸ், டாக்டர் கிளிவ் நெல்சன் என்னும் இரு நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, 1961 அக்டோபரிற் கம்பாலாவிலிருந்து புறப்பட்டார். வில்லியம்ஸ் வண்டி பழுதுபார்ப்பதிலும் வல்லவர். அத்தெருக்களுக்கு அது வைத்தியத்தினும் அவசியமான கலையாக இருந்திருக்கும். பத்து வாரத்தில் 10,000 மைல்; ஏறக்குறைய 60 ஆஸ்பத்திரிகள். ஒவ்வோரிடத்தும் படங்களைக் காட்டிக் கேட்டனர். சில இடங்களில் வைத்தியர்கள் உடனே தலையசைத்தனர். அங்கிருந்து மலையேறி அடுத்த ஆஸ்பத்திரிக்குச் சென்றால், அங்குள்ளோர் அப்படியொன்றைக் கண்டதேயில்லை என்றனர்.

இவ்விடத்திற் கதை சுவை மிகுகின்றது. பூமத்திய ரேகைக்கு அண்மையில், 5,000 அடிக்கு மேற்பட்ட நிலத்தில் நோய் இல்லை. தெற்கே செல்லச் செல்ல அவ்வெல்லை 3,000 அடியாக இறங்கிற்று. இன்னும் தெற்கே 1,000 அடியாயிற்று. நோய்க்கு உயரத்தை அளக்கும் கோல் ஏது? உயரம் ஒரு வேடமே. வேடத்தின் உள்ளே இருந்தது வெப்பம். மிகக் குளிர்ந்த மாதத்திலும் 60 பாகை பரனைற்றுக்குக் கீழே வெப்பம் இறங்காத இடங்களிலேதான் இந்நோய் வாழ்ந்தது. பின்னர் மேற்கு ஆபிரிக்காவை ஆராய்ந்தபொழுது இன்னொரு நிபந்தனையும் வெளிப்பட்டது: ஆண்டுக்கு 20 அங்குல மழையாவது பெய்தல் வேண்டும்.

என் மாணவர் இக்கதையைக் கேட்கும்பொழுது, “அது ஆபிரிக்க இனத்தவரின் பரம்பரை நோயாக இருக்கலாமே” என்று சொல்வதுண்டு. அக்காலத்து அறிஞர் சிலருக்கும் அவ்வாறு எண்ணுவது வசதியாக இருந்தது. தேசப்படம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் வாழ்ந்தவர்கள் உறவினரான மக்களே. பள்ளத்துக் குழந்தைக்கு வந்தது மேட்டுக் குழந்தைக்கு வரவில்லை. மேலும், மலைநாட்டிலிருந்து வெப்பமான தாழ்நிலத்திற் குடியேறியவர்களுக்கும் நோய் வந்தது. அவ்வூரிற் பிறந்தவர்களை விடக் கூடிய வயதில் வந்தது. பரம்பரை நோய் ஆளின் வீட்டு விலாசம் மாறியதைக் கவனித்துக்கொண்டிருக்குமா?

தாமதித்து வந்த விமானம்

வெப்பமும் மழையும் சேர்ந்த இடம் நுளம்பின் இடம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உகண்டாவின் எந்தெபே நகரில் வைரசு ஆராய்ச்சி நிலையத்திலிருந்த ஹடோ என்னும் அறிஞர், இந்நோயின் பரம்பலும் பூச்சிகளாற் பரவும் நோய்களின் பரம்பலும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். நுளம்பு ஒரு வைரசைக் கொண்டுவருகின்றது. அவ்வைரசு புற்றை உண்டாக்குகின்றது: இதுவே அன்றைய ஊகம். மனிதருக்கு வரும் எந்தப் புற்றுக்கும் வைரசு காரணமென்று அக்காலத்தில் நிறுவப்பட்டிருக்கவில்லை.

1961 மார்ச் 22ஆம் திகதி பேர்க்கிற் இலண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியிற் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் அந்தனி எப்ஸ்டீன் ஒருவர். கோழிகளிற் புற்றை உண்டாக்கும் வைரசை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அன்றே பேர்க்கிற்றோடு உடன்பாடு செய்துகொண்டார். கம்பாலாவிலிருந்து கட்டித்துண்டுகள் விமானத்தில் இலண்டனுக்கு வந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றும் புலப்படவில்லை. 1963 டிசம்பரில் ஒரு நாள், மூடுபனி காரணமாக விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. துண்டு பிந்தி வந்து சேர்ந்தபொழுது, அது கிடந்த நீர் கலங்கியிருந்தது. கிருமி புகுந்து கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கலாம். எப்ஸ்டீன் ஒரு துளியை எடுத்துப் பார்த்தார். கலக்கத்திற்குக் காரணம் கிருமியன்று. கட்டியிலிருந்து கழன்று தனித்து மிதந்த உயிருள்ள கலங்களே. அக்கலங்களை வளர்க்க முடிந்தது. 1964 பெப்ரவரியில் அவற்றினுள் வைரசு தென்பட்டது. உடன் உழைத்த இவோன் பார் அம்மையாரின் பெயரும் எப்ஸ்டீனின் பெயரும் சேர்ந்து அதற்கு எப்ஸ்டீன்-பார் வைரசு என்ற பெயர் நிலைத்தது. மூன்றாமவரான டிரினிடாட்டைச் சேர்ந்த பேட் அச்சோங்கின் பெயர் அதிற் சேராமற் போனது எனக்கு இன்றும் நியாயமாகத் தோன்றவில்லை.

இத்துடன் கதை முடிந்திருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். முடியவில்லை. பிலடெல்பியாவில் வேர்ணர் ஹென்லே, கேர்ட்ரூட் ஹென்லே என்னும் தம்பதியர் மக்களின் இரத்தத்தைச் சோதித்தபொழுது, இவ்வைரசின் அடையாளம் ஆபிரிக்கக் குழந்தைகளிடம் மட்டுமன்றி, அமெரிக்கரிடமும் பரக்கக் காணப்பட்டது. உலகில் வயதுவந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதனைத் தாங்கியிருக்கின்றனர்; இக்கட்டுரையை வாசிப்போரும் எழுதியவனும் அதற்கு விலக்கல்லர். அது எச்சில் வழியாகப் பரவுகின்றது. நுளம்புக்கு அதில் வேலையே இல்லை. ஹென்லே ஆய்வுகூடத்துப் பெண் உதவியாளர் ஒருவர் சுரப்பிகள் வீங்கும் காய்ச்சலில் விழுந்து எழுந்தபொழுது, அதற்கு முன் அவர் இரத்தத்தில் இல்லாத வைரசின் அடையாளம் புதிதாகத் தோன்றியிருந்தது. ஐரோப்பிய இளைஞர்களுக்குச் சில வாரம் காய்ச்சலையும் தொண்டைநோவையும் தந்து போகும் அவ்வியாதிக்குக் காரணமும் இதே வைரசு என 1968இல் அவர்கள் வெளியிட்டனர்.

வைரசு எங்கும் உண்டு. கட்டியோ அப்பட்டையில் மட்டும் மலிந்தது. அப்படியாயின், குண்டூசிகள் எதைக் காட்டின?

ஸன்சிபாரின் சாட்சி

விடை வெற்றிடங்களிற் கிடந்தது. ஸன்சிபார், பெம்பா ஆகிய தீவுகள் தாழ்ந்தவை, வெப்பமானவை, மழை மிகுந்தவை. விதிப்படி அங்கே நோய் நிறைந்திருக்க வேண்டும். ஆயினும் அங்கே அது அரிது. அத்தீவுகளில் மருந்து தெளித்து மலேரியாவை அடக்கியிருந்தார்கள். நுளம்பு குற்றவாளியே, ஆனால் அது சுமந்து வந்தது புற்று வைரசையன்று, மலேரியாவை. டால்டோர்ப் முதலியோர் முன்னரே கூறிவந்த இக்கருத்தை, 1969இற் பேர்க்கிற் தாமே ஏற்று எழுதினார். ஆபிரிக்காவுக்கு அப்பால் இக்கட்டி மலிந்த மற்றோர் இடம் பப்புவா நியூகினி. அதுவும் மலேரியா குடிகொண்ட தாழ்நிலமே.

மலேரியாவை நாமும் அறிவோமே, நம் குழந்தைகளுக்கு இக்கட்டி ஏன் மலியவில்லை என்று வாசகர் கேட்கலாம். 1934-35இல் இலங்கையை அலைக்கழித்த மலேரியா புயல்போல வந்தது. ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டு தணிந்தது. ஆபிரிக்கத் தாழ்நிலத்து மலேரியா புயலன்று; ஓயாத தூறல். அங்கே பிறக்கும் குழந்தை ஆண்டின் எல்லா மாதங்களிலும் கடிபடுகின்றது. அதன் இரத்தத்தில் ஒட்டுண்ணி இல்லாத நாளே அரிது. இடைவிடாத இத்தாக்குதலால் இரத்தத்தின் ஒருவகை வெண்கலங்கள் திரும்பத் திரும்பப் பெருகுகின்றன. குழந்தைப் பருவத்திலேயே புகுந்துவிட்ட வைரசை அடக்கிவைக்கும் காவலும் தளர்கின்றது. இவ்வாறு கோடிக்கணக்கிற் கலங்கள் பிரியும்பொழுது, எட்டாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு முறிந்து வேறொன்றில், பெரும்பாலும் பதினான்காவதில், ஒட்டிக்கொள்ளும் விபத்து நேர்கின்றது. கலத்தின் வளர்ச்சியைத் தூண்டும் பரம்பரையலகு அத்துண்டில் உள்ளது. அதன்பின் அக்கலத்துக்கு நிறுத்தம் இல்லை.

இதனை மெய்ப்பிக்க நடந்த முயற்சி ஒன்றை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு உண்டாகின்றது. 1972 முதல் 1974 வரை, உகண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்தில் 42,000 குழந்தைகளின் இரத்தம் எடுத்து வைக்கப்பட்டது. இடி அமீனின் ஆட்சிக்காலம் அது. எந்தக் குழந்தைக்குப் பின்னாளிற் கட்டி வரும் என்று அறியாமலே எல்லாக் குழந்தைகளின் இரத்தத்தையும் காத்துவைத்துக் காத்திருந்தார்கள். 1978இல் முடிவு வெளியானபொழுது 14 குழந்தைகள் நோயுற்றிருந்தனர். அவர்களுடைய பழைய இரத்தத்தைச் சோதித்தால், கட்டி தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்திருந்தன. வைரசு கட்டியில் வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளியன்று. முன்னரே அங்கே இருந்தது. தன்சானியாவின் வட மாரா மாவட்டத்தில் 1977 முதல் 1982 வரை குழந்தைகளுக்குக் குளோரோகுயின் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. நோய் குறைந்தது, ஆனால் மருந்து கொடுக்கத் தொடங்குமுன்னரே குறையத் தொடங்கிவிட்டமையால், அதனைத் தெளிவான சான்றாகக் கொள்வதற்கில்லை.

அதே வைரசு தென் சீனத்தில் மற்றொரு கோலம் காட்டுகின்றது. குவாங்டொங் மாகாணத்து மக்களிடை, மூக்கின் பின்புறத்தில், தொண்டையின் மேற்பகுதியில் உண்டாகும் புற்று மிகுதி. உலகின் பெரும்பகுதியில் அது இலட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருவது. குழந்தைப் பருவத்திலிருந்தே உண்ணும் ஒருவகை உப்புமீன் இதற்குத் துணைக்காரணம் எனத் தெளிந்துள்ளனர். சீனர் கலிபோர்னியாவிற் குடியேறினால், அங்கே பிறந்த தலைமுறையில் இந்நோய் குறைகின்றது. ஆனால் அங்குள்ள வெள்ளையரின் அளவுக்கு இறங்குவதில்லை. இங்கே ஊருக்கும் பங்குண்டு, இரத்த உறவுக்கும் பங்குண்டு. (கருவாட்டுப் பிரியர் கலங்க வேண்டாம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் தீர்ப்பு, சிறிது பழுதுபட விட்டு உப்பிடும் சீனமுறை மீனைப் பற்றியது. ஏனைய உப்புமீன்களை அது குற்றவாளியென்று தீர்க்கவில்லை.)

பேர்க்கிற் 1966இல் பிரித்தானியாவுக்குத் திரும்பியபின், இதே தபால் முறையால் உணவு நார் பற்றி ஆராய்ந்தார். ஆபிரிக்கக் கிராமங்களில் அரிதாயுள்ள குடல்நோய்கள் மேல்நாட்டில் மலிந்திருப்பதற்குத் தீட்டிய மாவே காரணம் என்று ஊர் ஊராகப் பேசினார். ஒரு காரணத்தில் அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றினார் என்பது என் எண்ணம். ஆயினும் தவிட்டுக்கு மதிப்பு வந்தது அவரால். 1993இற் காலமானார். எப்ஸ்டீன் 102 வயது வாழ்ந்து 2024இல் மறைந்தார்.

குழந்தைகளின் நிலை என்ன? சத்திரக்கத்திக்கு அடங்காத இக்கட்டி மருந்துக்கு அடங்கிற்று. 1960களிலேயே பேர்க்கிற் சைக்கிளோபொசுபமைட்டு முதலிய மருந்துகளைக் கொடுத்தபொழுது, சில நாட்களில் வீக்கம் வடிந்து பழைய முகம் திரும்பியது. சிலருக்கு நோய் மீண்டும் வரவேயில்லை. 1967இல் கம்பாலாவில் உகண்டாப் புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. இன்று செல்வ நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளிற் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். நோய் மலிந்த ஆபிரிக்க நாடுகளிலோ பல இடங்களிற் பாதிப்பேர் கூடப் பிழைப்பதில்லை. மருந்து தெரியாமையன்று காரணம். ஆஸ்பத்திரி தூரம், பிந்தி வருதல், பஸ் கட்டணத்துக்கு வழியின்றி இடையிலே சிகிச்சையை விட்டுவிடுதல் ஆகியனவே.

மலேரியாவுக்கு எதிரான தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2021இல் முதன்முறையாகச் சிபாரிசு செய்தது. 2025 ஏப்பிரிலில் உகண்டாவும் குழந்தைகளுக்கு அதனை ஏற்றத் தொடங்கிற்று. காய்ச்சல் குறைகின்றதா என்பது விரைவில் தெரிந்துவிடும். தாடைக் கட்டியும் குறைகின்றதா என்பதை அறிய, கம்பாலாவிலும் மேற்கு நைலிலும் உள்ள ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையே ஆண்டுக்கணக்காகப் புரட்ட வேண்டியிருக்கும்.